ஆள் குடியிருக்கும் ஃபிளாட் ஏலத்துக்கு வருகிறது: எடுக்கலாமா?

கேள்வி: கிழக்குத் தாம்பரத்தில் மாதம் 14,000 ரூபாய் வாடகையில் இருக்கிறேன். மேடவாக்கம் பக்கம் 980 சதுர அடி ஃபிளாட் ஒன்றை ஒரு பொதுத்துறை வங்கி ஏலம் விடுகிறது. குறைந்தபட்ச விலை 42 லட்சம். அதே காம்ப்ளெக்ஸில் மற்ற ஃபிளாட்டுகளுக்கு 60 லட்சம் சொல்கிறார்கள். கடன் வாங்கியவர் குடும்பத்தோடு இன்னும் அங்கேதான் இருக்கிறார். அறிவிப்பில் நிலுவை 31 லட்சம் என்றும், ‘சிம்பாலிக் பொசஷன்’ என்றும் போட்டிருக்கிறது. ஒரு புரோக்கர், “மேனேஜர் நம்ம ஆள்தான், ஏலத்துக்குப் போகாமலே நேரா பேங்க்ல பேசி 42-க்கே முடிச்சுத் தர்றேன், ரெண்டு லட்சம் கொடுங்க” என்கிறார். என் கையில் 18 லட்சம் இருக்கிறது, மீதிக்கு வீட்டுக் கடன் போடலாம் என்று நினைக்கிறேன். என் மாமனாரோ, “அடுத்தவன் அழுதுட்டுப் போற வீடு நமக்கு வேண்டாம்” என்கிறார். என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: முதலில் புரோக்கர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அடுத்தது, இந்த ஃபிளாட்டை இப்போது இருக்கிற நிலைமையில் ஏலத்தில் எடுக்கச் சொல்லி நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் இதே ஃபிளாட்டை வேறு வழியில் வாங்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வங்கியில் கடன் வசூல் பிரிவில் இருந்தபோது இந்த மாதிரி ஏல அறிவிப்புகளில் கையெழுத்துப் போட்டவன் நான். வாங்க வருகிறவர்கள் எல்லோருமே “பேங்க் சொத்து” என்றுதான் சொல்வார்கள். பேங்க் விற்கிறது, அதனால் சுத்தமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. உண்மையில் பெரும்பாலான ஏலங்களில் அந்தச் சொத்து வங்கியுடையதே அல்ல. பத்திரம் கடனாளி பேரில் இருக்கிறது, வீட்டில் கடனாளி இருக்கிறார். வங்கியிடம் இருப்பது அதை விற்றுத் தன் பாக்கியை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் மட்டும்தான்.

அந்த அதிகாரத்தைக் கொடுத்தது 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டம். கடன் வாராக்கடன் ஆனதும் வங்கி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பும். கட்டவில்லை என்றால் சொத்தைச் சுவாதீனம் எடுக்கும். சுவாதீனம் என்றவுடன் பூட்டு, சாவி என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் நடப்பது, ஓர் அதிகாரி போய்க் கதவில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, இரண்டு பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பது. உள்ளே இருப்பவர்கள் அன்று இரவும் அதே வீட்டில்தான் சாப்பிட்டுத் தூங்குவார்கள். உங்கள் அறிவிப்பில் இருக்கிற சிம்பாலிக் பொசஷன் இதுதான்.

உண்மையிலேயே வங்கிக்குச் சொந்தமான வீடு என்றும் ஒரு வகை உண்டு. ஏலத்தில் குறைந்தபட்ச விலைக்குக்கூட ஆள் வராவிட்டால், அடுத்த ஏலத்தில் வங்கி தானே கேட்டு எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அப்படி எடுத்த சொத்தை வங்கி காலமெல்லாம் வைத்திருக்க முடியாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி ஏழு வருஷத்துக்குள் விற்றாக வேண்டும், ரிசர்வ் வங்கி அவகாசம் நீட்டினால் தவிர. வங்கி பேரிலேயே பத்திரம் இருந்து, வங்கியே கிரையம் எழுதித் தருகிற இந்த வகை வந்தால் தாராளமாகப் போய்ப் பேசுங்கள். ஆனால் இது எப்போதாவதுதான் கண்ணில் படும். உங்கள் ஃபிளாட் இந்த வகை இல்லை.

இப்போது புரோக்கர் சொல்வதைப் பார்ப்போம். விற்கிற அதிகாரம் கிளை மேனேஜரிடம் இல்லை. சர்ஃபாசி விதிகளின்படி ‘அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி’ என்று ஒருவர் இருப்பார். பொதுத்துறை வங்கியில் அவர் சீஃப் மேனேஜர் பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அறிவிப்பின் அடியில் கையெழுத்துப் போட்டிருப்பவர் அவர்தான். கிளையில் டீ வாங்கிக் கொடுத்துப் பழகிய மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த விற்பனையில் அவர் பேச்சு செல்லாது. ஏலம் இல்லாமல் தனிப்பட்ட பேச்சுவார்த்தையில் விற்கவும் விதியில் இடம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. வழக்கமாக அது ஏலம் ஆளில்லாமல் தோற்ற பிறகு, மேலிடத்து ஒப்புதலோடு, எழுத்து மூலமான நிபந்தனைகளோடு நடப்பது. கடனாளியைக் கேட்காமல் அப்படி விற்றுப் பிறகு நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்ட விற்பனைகளும் உண்டு. ஆகவே ஏல அறிவிப்பு பத்திரிகையில் வந்துவிட்ட ஒரு சொத்தை, அதற்கு முந்தின நாள் குறைந்தபட்ச விலைக்கே உங்களிடம் ஓசைப்படாமல் விற்றால், ஏலத்துக்குக் காத்திருந்த இன்னொருவரும் கடனாளியும் சேர்ந்து அதை உடைத்துவிடுவார்கள். இரண்டு லட்சத்தை வாங்கிக்கொண்ட புரோக்கர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

சரி, ஒழுங்காக ஏலத்துக்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகள் இப்போது பேங்க்நெட் தளத்தில் இருக்கின்றன. 2025 ஜனவரியில் தொடங்கியது. பதிவு செய்து, முன்பணம் கட்டி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கலாம். அதுவரை சுலபம்தான்.

கஷ்டம் அதற்குப் பிறகு பணம் கட்டுவதில் இருக்கிறது. உங்களுக்கு 46 லட்சத்துக்கு ஏலம் படிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 25 சதவீதம், அதாவது 11.50 லட்சம், அன்றைக்கே அல்லது மறுநாள் வேலை நேரத்துக்குள் கட்டியாக வேண்டும். நீங்கள் முன்பே கட்டிய முன்பணம், வழக்கமாகக் குறைந்தபட்ச விலையில் பத்து சதவீதமான 4.20 லட்சம், இதில் கழியும். மீதி 34.50 லட்சத்தை, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில் கட்ட வேண்டும். எழுத்து மூலமாக வங்கி ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் வரை நீட்டலாம், அதற்கு மேல் முடியாது.

கட்ட முடியாவிட்டால் என்ன ஆகும்? போட்ட பணம் போகும். முன்பணம் மட்டும்தான் போகும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மொத்த 25 சதவீதமும் போகும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில், 12.27 கோடிக்கு ஏலம் எடுத்தவர் கொரோனா காலத்தில் கடன் கிடைக்காமல் மீதியைக் கட்ட முடியவில்லை. உயர் நீதிமன்றம் அவர் மேல் கொஞ்சம் இரக்கம் காட்டியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மூன்று கோடிக்கு மேல் இருந்த அந்த 25 சதவீதத்தையும் வங்கி எடுத்துக்கொண்டது சரிதான் என்று சொல்லிவிட்டது.

உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், உங்கள் கையில் இருப்பது 18 லட்சம். முதல் 25 சதவீதத்தைச் சமாளித்துவிடுவீர்கள். மீதிக்கு வீட்டுக் கடன் என்கிறீர்கள். ஏலச் சொத்துக்கு வீட்டுக் கடன் தருகிற வங்கிகள் இருக்கின்றன, ஏலம் விடுகிற வங்கியே தரலாம். ஆனால் ஆள் உள்ளே இருக்கிற, சாவி கிடைக்காத வீடு என்றால் பெரும்பாலான வங்கிகள் தயங்கும். “பிசிக்கல் பொசஷன் வந்த பிறகு வாங்க” என்பார்கள். உங்களுக்கு இருப்பதோ 15 நாள். “பாத்துக்கலாம் சார்” என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். இந்தச் சொத்தின் பேரையும் சிம்பாலிக் பொசஷன் என்பதையும் குறிப்பிட்டு, கடன் அனுமதிக் கடிதம் கையில் வந்தால்தான் ஏலத்துக்கு உட்கார வேண்டும்.

இனி உள்ளே இருப்பவர்களை வெளியேற்றும் விஷயம். இதை நீங்களாகச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. வங்கிதான் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ சட்டத்தின் 14-வது பிரிவில் மனுப் போட வேண்டும். அவர் 30 நாளில், நீட்டித்தால் மொத்தம் 60 நாளில் உத்தரவு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கெடுவை நம்பிக் காலண்டரில் குறித்து வைக்காதீர்கள். உத்தரவு வந்த பிறகு அதை நிறைவேற்ற வக்கீல் கமிஷனர் நியமனம், போலீஸ் பாதுகாப்பு, பூட்டை உடைக்க ஆள், சாமான்களைக் கணக்கெடுத்து எழுத ஆள் என்று ஒரு பட்டாளம் சேர வேண்டும். பரீட்சை நேரம், திருவிழா பந்தோபஸ்து, தேர்தல் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும்.

இன்னொன்று, ஏலத்தில் விற்றுப் பணத்தை வாங்கிய பிறகு 14-வது பிரிவில் மனுப் போடும் வேகம் சில வங்கிகளுக்குக் குறைந்துவிடும். கணக்கு முடிந்துவிட்டது, அந்த அதிகாரிக்கு அடுத்த ஃபைல் வந்துவிட்டது. விற்ற பிறகும் வங்கி மனுப் போடலாமா என்ற கேள்வியே கோவாவில் ஒரு பெரிய ஹோட்டல் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015-ல் ஐடிசி ஏலத்தில் எடுத்த ஹோட்டல் அது. போடலாம் என்று தீர்ப்பு வந்தது 2018-ல். ஐடிசியால் மூன்று வருஷம் தாங்க முடியும். நீங்கள் மாதம் 14,000 வாடகையும் கட்டிக்கொண்டு, 30 லட்சத்துக்குத் தவணையும் கட்டிக்கொண்டு எத்தனை மாதம் தாங்குவீர்கள்?

இதையெல்லாம் ரூபாயாக்கிப் பார்த்துவிடலாம். அதற்கு முன் அந்த 60 லட்சம். அது விற்பவர்கள் வெப்சைட்டில் கேட்கும் விலை. அதே காம்ப்ளெக்ஸில் கடைசியாக உண்மையிலேயே கைமாறிய ஃபிளாட் என்ன விலைக்குப் போனது என்று அசோசியேஷன் செயலாளரைக் கேளுங்கள். பழைய கட்டடத்தில் 60 கேட்டால் 55-க்கு முடிவது சாதாரணம். நான் 55 என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏல வழியில் 46 லட்சம். பத்திரச் செலவு, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்துத் தமிழ்நாட்டில் சாதாரணக் கிரையத்துக்கு 9 சதவீதம் என்ற கணக்கில், 4.14 லட்சம். ஏலத்தில் கிடைக்கிற விற்பனைச் சான்றிதழைப் பதிவது கிரையப் பத்திரத்திலிருந்து கொஞ்சம் வேறுபடும். என்ன தொகை என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், திட்டத்துக்கு 9 வைத்திருப்பது பத்திரம். அசோசியேஷன் பராமரிப்பு பாக்கி, தவணையே கட்டாதவர் இதையும் கட்டியிருக்க மாட்டார், 1.60 லட்சம் என்று வையுங்கள். ரிப்பேர் 2.50 லட்சம். கோபத்தில் வெளியேறுகிறவர்கள் ஏசி, ஃபேன், சுவிட்ச் போர்டு, பைப், சில சமயம் ஜன்னல் கிரில் வரை கழற்றிக்கொண்டு போவார்கள். சாவி கிடைக்க ஒன்றரை வருஷம் ஆனால் அதுவரை உங்கள் வாடகை 2.52 லட்சம். வக்கீல், மின் பாக்கி, சில்லறைச் செலவுகள் ஒரு லட்சம். கூட்டினால் 57.76 லட்சம்.

வெளியில் 55 லட்சத்துக்கு, இன்றைக்கே சாவி கிடைக்கிற வீட்டை வாங்கினால் பத்திரச் செலவு 4.95 சேர்த்து 59.95 லட்சம். வித்தியாசம் இரண்டே கால் லட்சம் கூட இல்லை. 18 லட்சம் சல்லிசு என்று தெரிந்ததில் மிச்சம் இதுதான், அதுவும் 46-லேயே ஏலம் படிந்தால். எதிரில் இரண்டு பேர் போட்டிக்கு இருந்தால் 48-க்குப் போய்விடும், அதோடு லாபம் முடிந்தது. 50 லட்சத்தைத் தொட்டுவிட்டால் ஒரு சதவீதம் வரிப் பிடித்தம் வேறு செய்ய வேண்டும். அதைக் கடனாளியின் பான் எண்ணில் கட்டுவதுதான் வழக்கம். அந்த எண்ணை வங்கியிடம் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வங்கி குறைத்துப் போட்டிருக்கிற விலை யாருடைய பெருந்தன்மையும் இல்லை. ஆளை வெளியேற்றுவது, பாக்கியைத் தீர்ப்பது, வழக்கைச் சந்திப்பது என்று வங்கி செய்யாமல் விட்ட வேலைகளுக்கு உங்களுக்குத் தரும் கூலி அது. சாவியோடு விற்கிற ஏலங்களும் இருக்கின்றன, அறிவிப்பில் பிசிக்கல் பொசஷன் என்று போட்டிருக்கும். அவற்றின் குறைந்தபட்ச விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். உங்களைப் போல் குடியிருக்க வீடு தேடுகிறவருக்கு அதுதான் சரி. சிம்பாலிக் ஏலம் வருஷக்கணக்கில் பணத்தை முடக்கி வைக்கக் கூடியவர்களுக்கு, இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு. அவர்களிடம் பத்து சொத்து இருக்கும், ஒன்று மாட்டினாலும் மற்றவை காப்பாற்றும்.

வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கடனாளி 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையில் மூன்று, கோவையிலும் மதுரையிலும் ஒவ்வொன்று இருக்கின்றன. தீர்ப்பாயங்களின் இணையதளத்தில் கடனாளி பேரைப் போட்டுத் தேடினால் வழக்கு இருக்கிறதா என்று தெரியும். வங்கிக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். வழக்கு இருந்தால் அது எதைப் பற்றியது என்று பாருங்கள். “கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்” என்ற வகை என்றால் பெரிய பயம் இல்லை. “எனக்கு விற்பனை நோட்டீஸே வரவில்லை” என்றிருந்தால் உஷாராக இருக்க வேண்டும். கடனாளிக்கு முழு 30 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் நடத்திய விற்பனை செல்லாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வங்கி செய்கிற தவறுக்கு ஏலம் எடுத்தவர் அலைய வேண்டியிருக்கும். பணம் திரும்பக் கிடைக்கும், நீங்கள் போட்ட டைல்ஸும் போன காலமும் கிடைக்காது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஏலம் முடிந்த பிறகு கடனாளி ஓடி வந்து “முழுப் பணமும் கட்டுகிறேன், வீட்டைத் திருப்பிக் கொடுங்கள்” என்று கேட்கும் பழைய தலைவலி குறைந்துவிட்டது. ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்னால் கட்டினால்தான் அந்த உரிமை என்று 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023-ல் ஒரு மும்பை வழக்கில் ஏலம் எடுத்தவர் 105.05 கோடி கொடுத்திருந்தார். கடனாளி 129 கோடி தருவதாக வந்தார், உயர் நீதிமன்றமும் சரி என்றது. உச்ச நீதிமன்றம் ஏலம் எடுத்தவர் பக்கம்தான் நின்றது.

இந்த ஏலத்தை விட்டாலும் வேறு ஏலம் பார்ப்பீர்கள் என்பதால் விசாரணை விஷயமும் சொல்கிறேன். வில்லங்கச் சான்றிதழை முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஏலம் விடுகிற வங்கியின் அடமானப் பதிவு அதில் இருக்கும், அது சகஜம். அதற்கு முன்னால் வேறு வங்கி அடமானம் இருந்து ரத்தாகாமல் கிடக்கிறதா, கோர்ட் ஜப்தி எதுவும் ஏறியிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. அடமானங்களைப் பதிந்து வைக்கும் மத்தியப் பதிவேடான செர்சாயிலும் தேடுங்கள், சொற்பக் கட்டணம்தான். அறிவிப்பில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி இருக்கும். பழைய பாக்கி, அளவு வித்தியாசம், அனுமதி மீறிய கட்டுமானம் எது வந்தாலும் உன் பாடு என்று அதற்குப் பொருள். மின் கட்டண பாக்கியை, ஒழுங்குமுறை விதி இடம் தந்தால், புதிதாக ஏலம் எடுத்தவரிடமே கேட்கலாம் என்று 2023-ல் கேரள மின்வாரிய வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. மீட்டர் எண்ணை எடுத்துப் பாக்கியைப் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை.

வீட்டைப் பார்க்க வங்கி ஒரு தேதி கொடுக்கும். அந்தத் தேதியில் போனால் கதவு சாத்தியிருக்கும், வெளிச் சுவரைப் பார்த்துவிட்டு வருவீர்கள். அதோடு நிறுத்தாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தனியாகப் போங்கள். வாட்ச்மேனிடம் பேசுங்கள், பக்கத்து வீட்டில் பேசுங்கள். உள்ளே இருப்பது உரிமையாளரா வாடகைக்காரரா என்பது அங்கேதான் தெரியும். அடமானத்துக்கு முன்பே முறையான ஒப்பந்தத்தோடு குடியிருக்கும் வாடகைக்காரர் என்றால் அவரை அசைப்பது இன்னும் கடினம். எத்தனையாவது ஏலம் இது என்றும் கேளுங்கள். மூன்று, நான்கு தடவை ஏலத்துக்கு வந்தும் போகாத ஃபிளாட் என்றால் அந்தத் தெருவுக்கே தெரிந்த காரணம் ஒன்று இருக்கும். உங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்காது.

மாமனார் சொன்னதைப் பற்றி. அதை மூடநம்பிக்கை என்று நான் தள்ள மாட்டேன். கடன் கட்டாததற்கு நீங்கள் காரணம் இல்லை, நீங்கள் எடுக்காவிட்டால் இன்னொருவர் எடுக்கப்போகிறார், விற்ற பணத்தில் பாக்கி போக மிச்சம் அந்தக் குடும்பத்துக்குத்தான் திரும்பப் போகும். இதெல்லாம் சரியான வாதங்கள்தான். ஆனாலும் போலீஸ் நிற்க, ஒரு பெண்மணி பூஜை அறைப் படங்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அக்கம்பக்கத்தார் அதை ஏலம் எடுத்தவரோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். நீங்கள் அங்கே குடியிருக்கப் போகிறவர். உங்கள் மனைவிக்கும் மாமனாருக்கும் ஒப்பவில்லை என்றால் இரண்டு லட்ச லாபம் அதற்கு ஈடாகாது.

இங்கேதான் நான் முதலில் சொன்ன வேறு வழி வருகிறது. உங்கள் கடிதத்தில் நிலுவை 31 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீடோ 55 பெறும். கடன் வீட்டு விலையைத் தாண்டிவிட்டால் கடனாளிக்கு இழக்க எதுவும் இல்லை, முடிந்தவரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார். இவருக்கு அப்படி இல்லை. ஏலத்தில் 46-க்குப் போனால் வட்டி, செலவு போக அவருக்குப் பதினான்கு லட்சம் மாதிரி மிஞ்சலாம். உங்களிடம் 52-க்கு அவரே விற்றால் இருபது கிட்ட வரும், வக்கீல் கமிஷனரும் போலீஸும் வாசலில் வந்து நிற்கவும் மாட்டார்கள். உங்களுக்கு 52, பத்திரச் செலவு 4.68, சில்லறை ரிப்பேர் ஒரு லட்சம் என்றால் 57.68 லட்சம். ஏலக் கணக்கில் வந்த அதே தொகைதான். ஆனால் சாவி உடனே கிடைக்கும், கிரையப் பத்திரம் உரிமையாளரே எழுதித் தருவார், வீட்டுக் கடனும் சிக்கலில்லாமல் கிடைக்கும். புரோக்கர் சொன்ன ‘நேராக முடிப்பது’ நேர்மையாக நடக்க வேண்டுமானால் இந்த உருவத்தில்தான் நடக்க முடியும்.

இதில் இரண்டு விஷயம் கறாராக இருக்க வேண்டும். 60 நாள் நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் கடனாளி சொத்தை விற்கக் கூடாது. தவிர, ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டதால் பாக்கியைக் கட்டி மீட்பது இப்போது அவருடைய உரிமை அல்ல, வங்கி ஒப்புக்கொண்டால்தான் உண்டு. ஏலத் தேதிக்கு முன்னால் வங்கி ஏலத்தைத் தள்ளிவைக்கச் சம்மதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்துவிட்டால், இந்த ஏலத்தில் ஆள் வருகிறதா என்று பாருங்கள். வராமல் போனால் மறுபடி பேச வங்கியே தயாராக இருக்கும்.

ஆகவே முதலில் கடனாளியைப் பாருங்கள். உங்கள் மாமனாரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது, பெரியவர் ஒருவர் வந்து பேசினால் அந்த வீட்டில் கதவு திறக்கும். விற்க மனம் இருக்கிறது என்றால் அவரையே அழைத்துக்கொண்டு அறிவிப்பில் கையெழுத்துப் போட்ட அதிகாரியிடம் போங்கள். இன்றைய தேதி வரை வட்டி, செலவு எல்லாம் சேர்த்து எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும், அது கட்டினால் ஏலத்தை ரத்து செய்து மூலப்பத்திரங்களைத் தருவீர்களா என்று கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதம் வராமல் அட்வான்ஸ் என்று எதுவும் கைமாறக் கூடாது. வந்த பிறகு, முதல் 31 லட்சமும் அதன் வட்டியும் டிடியாக நேரே அவருடைய கடன் கணக்குக்குத்தான் போக வேண்டும், அவர் கைக்கு அல்ல. மிச்சத் தொகை பத்திரப் பதிவு அன்று, வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்த பிறகு. அசோசியேஷன் பாக்கியை அவர் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள். இந்த ஒப்பந்தத்தை எழுத, கடன் வசூல் தீர்ப்பாயத்தில் பழக்கமுள்ள வக்கீலாகப் பாருங்கள். புரோக்கருக்குக் கொடுக்கவிருந்த இரண்டு லட்சத்தில் ஒரு பகுதி அதற்குப் போதும்.